காது மிஷினும் கல்மண்டபமும்

ஒரு நாவலை விமரிசிக்க உட்காரும்போது, இது யாருக்காக எழுதப்பட்டது என்ற கேள்வியை முதலில் கேட்டுக்கொள்வது என் வழக்கம். வாசகனுக்காகவா, சக எழுத்தாளர்கள் பார்த்து மெச்சுவதற்காகவா? இதே கேள்வியை ஒரு யந்திரத்தைப் பார்த்தும் கேட்கலாம் என்று சில காலமாக எனக்குத் தோன்றுகிறது. காது கேட்க உதவும் கருவியைத்தான் சொல்கிறேன். புத்தகத்தில் ‘செவித்துணைக் கருவி’ என்று எழுதுகிறார்கள். ஆவுடையார்கோவில் பக்கத்தில் அதற்குக் ‘காது மிஷின்’ என்றுதான் பெயர்.

கதை எழுதுகிறவனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். பிறர் பேச்சைக் கேட்டுப் பிழைக்கிற தொழில் என்னுடையது. காது போனால் எனக்குப் பாதிப் பிழைப்பு போயிற்று. அந்தச் சுயநலத்தோடுதான் இந்த விஷயத்தைப் படிக்க ஆரம்பித்தேன். படித்தவரையில் என் அபிப்பிராயம் இது: காது மிஷின் செய்கிறவர்களுடைய சாமர்த்தியத்தில் பெரும்பங்கு, காது கேட்கவில்லை என்பதை மறைப்பதில் செலவாகியிருக்கிறது. பேச்சைப் புரியவைப்பதில் செலவானது அதைவிடக் குறைவு.

இது இன்று நேற்று வந்த ஆசையல்ல. 1819-ல் லண்டனில் ரெய்ன் என்ற கம்பெனி போர்ச்சுகல் மன்னர் ஆறாம் ஜானுக்காக ஒரு நாற்காலி செய்தது. அதன் கைப்பிடிகள் இரண்டும் வாய் திறந்த சிங்க முகங்கள். அந்த வாயில் பேசினால் சத்தம் உள்ளே குழாய் வழியாக ஏறி ராஜாவின் காதுக்குப் போகும். ஆகவே குறை சொல்ல வந்தவன் மண்டியிட்டு, சிங்கத்தின் வாயில்தான் சொல்ல வேண்டும். ராஜாவுக்குக் காது மந்தம் என்பது வெளியே தெரியாது. வந்தவனுக்குப் பணிவு அதிகம் என்பதுதான் தெரியும்! ராஜாக்களுக்குத்தான் இப்படி ஒரு யோகம் வாய்க்கும். மற்றவர்களுக்காக விசிறிக்குள்ளும் தொப்பிக்குள்ளும் குழாயை ஒளித்து விற்றார்கள்.

பிறகு மின்சாரம் வந்தது, வால்வு வந்தது. 1952 கடைசியில் டிரான்ஸிஸ்டர் வைத்த காது மிஷின் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்துவிட்டது. டிரான்ஸிஸ்டர் ரேடியோவே 1954-ல்தான் கடைக்கு வந்தது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். டிரான்ஸிஸ்டர் உரிமைக்காக மற்ற எல்லோரிடமும் பணம் வாங்கிய பெல் கம்பெனி, காது மிஷின் செய்கிறவர்களிடம் மட்டும் வாங்கவில்லை. டெலிபோன் கண்ட கிரகாம் பெல், காது கேளாதவர்களுக்குப் பாடம் சொன்ன வாத்தியார் அல்லவா. அந்த ஞாபகத்துக்குச் செய்த மரியாதை. வியாபார உலகத்தில் அபூர்வமாக நடக்கிற இந்த மாதிரிக் காரியத்தைச் சொல்லாமல் போகக்கூடாது. 1996-ல் முழுக்க டிஜிட்டல் கருவி வந்தது. 2024-ல், பாட்டுக் கேட்கிற இயர்போனையே காது மிஷினாக மாற்றும் மென்பொருளுக்கு அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. சாதனைகள்தாம், நான் மறுக்கவில்லை. ஆனால் விளம்பரங்களைப் பாருங்கள். ‘கண்ணுக்கே தெரியாது’ என்பதுதான் அவற்றில் பெரிய எழுத்தில் இருக்கும்.

முதுமையில் காது எப்படிப் போகிறது என்பதை இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். எல்லாச் சத்தமும் ஒரே அளவில் குறைவதில்லை. கீச்சென்ற உயர்ந்த ஒலிகள் முதலில் போகின்றன. பேச்சில் உயிரெழுத்துக்குத்தான் பலம். அது தாழ்ந்த சுருதியில் கனமாக வந்து சேர்ந்துவிடும். க, ச, த, ப போன்ற வல்லெழுத்துக்கள் க்ஷண நேரத்து மெல்லிய ஓசைகள். அவைதான் முதலில் நழுவுகின்றன. கடை, சடை, தடை, படை என்று நாம் நாலு வார்த்தை சொன்னால் கிழவி காதில் நாலும் ‘அடை’ என்று விழும். சத்தம் வருகிறது, வார்த்தை வருவதில்லை.

என் பெரியம்மா இதை எந்த டாக்டரையும்விட நன்றாகச் சொல்வாள். “கேக்குதுடா தம்பி, என்ன சொல்றீங்கன்னுதான் தெரியல.” இது புரியாத நாம் தொண்டை கிழியக் கத்துகிறோம். கத்தும்போது பெருகுவது உயிரெழுத்து. பழுதான காதுக்கு இன்னொரு விசித்திர குணமும் உண்டு. மெல்லிய சத்தம் கேட்காது, பெரிய சத்தமோ நமக்கு விழுகிற அளவிலேயே, சில சமயம் அதைவிட உறைப்பாகவே விழும். ஆகவே, “ஏன் கத்துறே?” என்று அவள் கோபித்துக்கொள்வாள். செவிட்டுக் கிழவிக்குக் கோபம் மட்டும் குறைச்சலில்லை என்று வீட்டில் சிரிப்பார்கள். தமிழில் ‘செவிடு’ என்பது வசவு. ‘கண்ணாடி போட்டவர்’ என்பதை யாராவது வசவாகச் சொல்கிறார்களா? மறைத்துக்கொள்ளும் ஆசை எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம்.

வாடிக்கைக்காரர்களே சின்னதாகத்தான் கேட்கிறார்கள் என்று கம்பெனிக்காரர்கள் சொல்லக்கூடும். அதில் உண்மை உண்டு. ஆனால் அந்தச் சின்னத்துக்காக எதை விற்றோம் என்று அவர்கள் சொல்வதில்லை. எதிரே பேசுகிறவர் குரலை மட்டும் பிரித்து எடுக்க, ஒன்றுக்கொன்று சற்றுத் தள்ளி இரண்டு மைக் வேண்டும். காதுத் துவாரத்துக்குள்ளேயே ஒளிந்துகொள்கிற மிகச் சிறிய கருவியில் பெரும்பாலும் ஒன்றுக்குத்தான் இடம். பேட்டரியோ சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. வாரத்துக்கு ஒன்று, அதிகம் போனால் இரண்டு வாரத்துக்கு ஒன்று மாற்ற வேண்டும். எழுபத்தைந்து வயதில் நடுங்கும் விரல் அதைப் பிடிக்குமா? புரை விழுந்த கண்ணுக்கு அதன் மேல்பக்கம் கீழ்ப்பக்கம் தெரியுமா? அதன்மேல் ஒட்டியிருக்கும் காகிதத்தை ஒரு தரம் பிரித்துவிட்டால், உபயோகித்தாலும் உபயோகிக்காவிட்டாலும் காற்றுப் பட்டுத் தீர்ந்துகொண்டே போகும் என்பதையும் யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பாம்படம் தொங்கத் தொங்க நடந்த கிழவிகள் காதை மறைத்தவர்களல்ல. அவர்களுக்குக் காதில் கொஞ்சம் பெரிதாக ஒன்று தொங்கினால் என்ன குறைந்துவிடும்?

இனி ஆவுடையார்கோவிலுக்கு வருகிறேன். கொடுங்கைக்குப் பேர்போன ஊர். மரச் சட்டம், ஆணித்தலை எல்லாவற்றையும் கல்லிலேயே செதுக்கிய அந்தக் கூரையைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். அந்தச் சிற்பியும் தன் சாமர்த்தியத்தைக் காட்டியவன்தான். ஆனாலும் அவன் செய்தது வெயிலையும் மழையையும் தடுக்கிறது. கர்ப்பக்கிருகத்தில் லிங்கம் இல்லை, ஆவுடையார் மட்டுமே. நந்தியும் கொடிமரமும்கூட இல்லை. குதிரை வாங்க வந்த பாண்டிய மந்திரி குருந்தமரத்தடியில் உபதேசம் கேட்டு மாணிக்கவாசகர் ஆனது இங்கேதான் என்பது ஐதிகம். அதாவது இந்த ஊரின் பெருமையே ஒருவர் காதால் கேட்டதில் ஆரம்பிக்கிறது. உருவம் இல்லாத சந்நிதியில் வயதானவர்களுக்குப் பிடிமானம் திருவாசகம்தான்.

அந்தத் திருவாசகத்தைக் கல்மண்டபத்தில் காது மிஷினோடு கேட்டுப் பார்க்க வேண்டும்! கல் சத்தத்தைக் குடிப்பதில்லை, திருப்பி அடிக்கிறது. ஓதுவார் பாடிய ஒரு சொல்லின் முழக்கம் அடங்குவதற்குள் அடுத்த சொல் வந்து அதன்மேல் விழுகிறது. நல்ல காது இதைச் சமாளித்துக்கொள்ளும். மிஷின் ஓதுவார் குரலையும் அதன் எதிரொலியையும் பக்கத்துக் குழந்தை அழுகையையும் மணிச் சத்தத்தையும் சேர்த்துக் காதில் கொட்டுகிறது. பெரியம்மா மண்டபத்துக்குள் நுழைந்ததுமே மிஷினைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொள்வாள். அவளுக்கு அது மிகவும் தேவைப்படுகிற இடமே அது உதவாத இடமாக இருக்கிறது.

அது ஒரு முகாமில் இலவசமாகக் கொடுத்த மிஷின். கொடுத்தவர்களை நான் பழிக்கவில்லை. ஏழை முதியவர்களுக்குக் கைத்தடி, கண்ணாடி, பல்செட்டோடு காது மிஷினும் தருவதற்கு மத்திய அரசு 2017-ல் வயோஸ்ரீ என்ற திட்டம் ஆரம்பித்தது. கருவி கைக்கு வருவதோடு காரியம் முடிந்துவிட்டதாக நினைப்பதுதான் கோளாறு. காதுக்குத் தக்கபடி அளவு வைக்கவேண்டும்; சில வாரம் பழகிய பிறகு மறுபடி திருத்தவேண்டும்; காதுக்குள் வைக்கும் அச்சு தளர்ந்தால் மிஷின் கீச்சிடும், மாற்றவேண்டும். கடலோரத்து உப்புக் காற்றும் வியர்வையும் உலோகத்தை அரிக்கும். இவ்வளவுக்கும் பெரியம்மா அறந்தாங்கிக்குப் பஸ் பிடித்து, அங்கிருந்து புதுக்கோட்டைக்கு இன்னொரு பஸ் ஏற வேண்டும். சைக்கிள் பஞ்சருக்கு ஊருக்குள் ஆள் இருக்கிறான், காது மிஷினுக்கு இல்லை.

சட்டம் இன்னொரு பக்கம். 2016-ம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, காது மந்தம் என்று ஏற்றுக்கொள்ள இரண்டு காதிலும் 60 டெசிபல் குறைந்திருக்க வேண்டும். சாதாரணப் பேச்சின் சத்தமே ஒரு கஜ தூரத்தில் ஏறக்குறைய 60 டெசிபல்தான். உலக சுகாதார ஸ்தாபனமோ நல்ல காதில் 35 டெசிபலுக்கு மேல் குறைந்தாலே அது முடக்கும் குறை என்கிறது. இருபத்தைந்துதானே வித்தியாசம் என்று நினைக்கக்கூடாது. டெசிபல் கணக்கில் அது முந்நூறு மடங்குக்கு மேல். அந்த முந்நூறு மடங்கு இடைவெளியில் கல்யாண வீட்டில் மூலையில் உட்கார்ந்து, எல்லோரும் சிரிக்கும்போது தானும் சிரிக்கிற அத்தனை பேரும் இருக்கிறார்கள். அதே ஸ்தாபனத்தின் 2021 அறிக்கை, காது மிஷினால் பயன்பெறக்கூடியவர்களில் 17 சதவீதம் பேரே அதை உபயோகிக்கிறார்கள் என்கிறது. நூற்றுக்கு எண்பத்து மூன்று பேர் புத்தகத்தைத் திறக்கவே இல்லையென்றால், குற்றம் வாசகர்மேல் மட்டும் என்று எந்த ஆசிரியன் சொல்வான்?

வேறு மாதிரியும் செய்யலாம் என்று காட்டியவர்கள் இருக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானா நாட்டில் ஓத்ஸே என்ற ஊரில், காது கேளாதவர்களே வேலை பார்க்கும் ஒரு பட்டறையில், வெயிலில் வைத்தால் சார்ஜ் ஏறுகிற காது மிஷின் பேட்டரியைச் செய்தார்கள். வெயிலுக்கு நம் ஜில்லாவிலும் பஞ்சமில்லை.

கல்மண்டபத்துக்கும் வைத்தியம் உண்டு, அதுவும் பழைய வைத்தியம். மண்டபத்தின் தரை ஓரமாக ஒரு கம்பியைச் சுற்றி ஓடவிட்டு, மைக் ஆம்ப்ளிஃபயரோடு சேர்த்துவிட்டால் போதும். காது மிஷினுக்குள் இருக்கும் ஒரு சிறு கம்பிச் சுருள் அதன் காந்த சக்தியைப் பிடித்து, மைக்கில் விழுந்த குரலை மட்டும் காதுக்குக் கொடுக்கும்; கல்லின் முழக்கம் வராது. இங்கிலாந்தில் மாதா கோயில்களிலும் நாடகக் கொட்டகைகளிலும் இது சர்வசாதாரணம். நம் கோயில்களில் நான் பார்த்ததில்லை. வேப்பமரத்தில் நாலு ஒலிபெருக்கி கட்ட உபயதாரர் உடனே கிடைக்கிறார். இதற்கிடையே, சின்னதாக்குகிற மோகத்தில் அந்தச் சுருளையும் பல புதுக் கருவிகளிலிருந்து எடுத்துவிட்டார்கள், இடம் போதவில்லை என்று.

பெரியம்மாவின் இலவச மிஷின் பெரியது, பழைய ரகம். ஆகையால் அதில் சுருள் இருக்கிறது. முதுகில் ஒரு குட்டி ஸ்விட்ச். பக்கத்தில் ஓ, டி, எம் என்று மூன்று ஆங்கில எழுத்து. டி என்பது அந்தச் சுருளுக்கு. கம்பி சுற்றாத இடத்தில் டி-யில் வைத்தால் ஒரு சத்தமும் வராது. இதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு நாள் தற்செயலாக டி-க்குத் தள்ளிவிட்டு, மிஷின் செத்துவிட்டதென்று இரண்டு மாதம் பெட்டியில் போட்டு வைத்திருந்தாள். பேரன் நகர்த்தி உயிர் கொடுத்தான். அன்றிலிருந்து ஸ்விட்ச் மறுபடி நகராதபடி அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டி வைத்திருக்கிறாள். மிஷினை நிறுத்த வேண்டுமானால் பேட்டரிக் கதவைத் திறந்துவிடுகிறாள்.