ஹேலியின் இன்னொரு வேர்

'ஏழு தலைமுறைகள்' மூலம் நமக்கு அறிமுகமான அலெக்ஸ் ஹேலியின் தாய்வழித் தேடல் காம்பியாவுக்குச் சென்றது. தந்தைவழியோ அயர்லாந்தைத் தொட்டது. அதுதான் 'குயீன்' நாவல். 1992இல் ஹேலி காலமானதால் டேவிட் ஸ்டீவன்ஸ் எழுதி முடிக்க, 1993இல் வெளிவந்தது.

அயர்லாந்திலிருந்து வந்து அலபாமாவில் பண்ணை நடத்தியவர் ஜேம்ஸ் ஜாக்சன். அவருடைய மகனுக்கு ஓர் அடிமைப் பெண்ணிடம் பிறந்தவள் குயீன், ஹேலியின் பாட்டி. ஆங்கிலேயரிடம் நசுங்கிய நாட்டில் பிறந்தவர் மனிதரை விலைக்கு வாங்குகிறார். இந்த முரணை நாவல் போதிய ஆழத்தில் தொடவில்லை. ஜாக்சன் வீட்டுக் கதையில் பக்கங்கள் நீள்கின்றன. எனக்கு உறக்கமே வந்தது.

குயீன் வளர்ந்த பிறகுதான் எழுத்துக்கு உயிர் வருகிறது. தகப்பன் யாரென்று தெரிந்தும், ஊரறிய 'மகளே' என அழைக்கப்படாத அந்த இளம்பெண்ணின் தவிப்பை வாசித்த மறுநாள், வகுப்பில் இடாப்பைத் திறந்து பிள்ளைகளிடம் தகப்பன் பெயரைச் சத்தமாகக் கேட்க என் நா எழவில்லை.