சத்தம் வராத படம்: மூன்று தீர்வுகள், ஒரு அளவுகோல்

பென் டிரைவைச் செருகினால் படம் ஓடுகிறது. சத்தம் மட்டும் வரவில்லை. குன்றத்தூர்க் கடைத்தெருவில் கேட்டாலும் பக்கத்து வீட்டில் கேட்டாலும் கிடைக்கும் யோசனைகள் மூன்று: சவுண்ட்பார் வாங்கு, பிளேயரை மாற்று, ஃபைலை கன்வர்ட் செய். மூன்றையும் ஒரே அளவுகோலால் எடை போடலாம். பழுது இருக்கும் இடத்தை மட்டும் தொட்டு, மற்றதைக் கெடுக்காமல் விடுவதே நல்ல தீர்வு.

எம்கேவி ஃபைல் வெறும் உறை. உள்ளே காட்சிக்கு ஒரு கோடெக், ஒலிக்கு வேறொன்று. டிடிஎஸ் என்னும் ஒலிக் கோடெக்கை சாம்சங் 2018 மாடல்களிலும் எல்ஜி 2020 மாடல்களிலும் கைவிட்டன. எல்ஜி 2023இல் மீண்டும் சேர்த்தது. அதைக் கைவிட்ட டிவியில் டிடிஎஸ் ஒலி ஊமையாவது ஸ்பீக்கரின் குற்றமல்ல. சவுண்ட்பார் ஒலியின் தரத்தை உயர்த்தும். ஆனால் டிவி படிக்காத ஒலி அதுவரை போய்ச் சேரும் என்பதற்கு உறுதியில்லை. செலவு பெரிது, பொருத்தம் சிறிது.

பிளேயரை மாற்றுவது என்றால் முதலில் விஎல்சி. அதன் பலம் தன் டிகோடர்களைத் தானே சுமந்து வருவது. டிவி நிறுவனத்தின் உரிமக் கணக்கு அதைக் கட்டுப்படுத்தாது. பலவீனமும் உண்டு: ஆண்ட்ராய்டு டிவிக்குக் கிடைக்கும், எல்லா டிவிக்கும் கிடைக்காது; சக்தி குறைந்த பெட்டியில் கனமான 4கே ஃபைல் திக்கும். கோடி (Kodi) என்னும் பிளேயர் இதைவிட நுட்பமானது, செட்டிங்ஸில் சிக்கலானது. ரிசீவர் இல்லாத வீட்டில், ஒலியை டிகோட் செய்யாமல் அப்படியே அனுப்பும் அதன் பாஸ்த்ரூவை ஆன் செய்தால் பழைய மௌனமே திரும்பும்.

கன்வர்ட் செய்வதில் இரு வகை. முழு ஃபைலையும் மாற்றினால் நேரமும் போகிறது, காட்சியின் தரமும் குறைகிறது. எஃப்எஃப்எம்பெக் மென்பொருளில் காட்சியை அப்படியே நகலெடுத்து, ஒலியை மட்டும் ஏசி3 கோடெக்குக்கு மாற்றினால் படத்தில் ஒரு புள்ளியும் மாறாது. ஒலியில் சிறு இழப்பு உண்டு, கம்ப்யூட்டரும் வேண்டும். பென் டிரைவ் ஃபேட்32 ஆக இருந்தால் 4 ஜிபியைத் தாண்டிய ஃபைலை அது ஏற்காது.

பாட்டு முழங்கி வசனம் மட்டும் முணுமுணுத்தால் அது வேறு பழுது. 5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் நடுச் சேனலில் இருக்கும். அது இரண்டு ஸ்பீக்கருக்குச் சரியாகப் பகிரப்படவில்லை. ஒலி வெளியீட்டை பிசிஎம் அல்லது ஸ்டீரியோவுக்கு மாற்றிப் பார்ப்பதே முதல் சோதனை. காசும் இல்லை, கேடும் இல்லை.

ஆகவே வரிசை இது: முதலில் செட்டிங்ஸ், அடுத்து விஎல்சி, அதற்கும் மசியாவிட்டால் ஒலியை மட்டும் மாற்றும் கன்வர்ஷன். சவுண்ட்பார் நல்ல பொருள். இந்தப் பழுதுக்குத் தீர்வு அல்ல.