பெல்ஃபாஸ்டில் ஒரு டாக்ஸி

கொலை செய்தவன் யார் என்பதைக் கடைசி அத்தியாயம் வரை முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்ளும் ஆசிரியர்களை எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. பாட்ரிக் ராடன் கீஃப் 2018-ல் வெளியிட்ட 'ஸே நத்திங்' என்ற புத்தகமும் அந்த வித்தையைத்தான் செய்கிறது. ஆனாலும் இரண்டே நாளில் படித்து முடித்துவிட்டேன். நாவல் அல்ல இது. வட அயர்லாந்தில் நடந்த விஷயம்.

1972 டிசம்பரில், பெல்ஃபாஸ்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து, பத்துக் குழந்தைகளைப் பெற்ற ஒரு விதவையை ஐ.ஆர்.ஏ.காரர்கள் கொண்டுபோனார்கள். உளவு சொன்னார் என்று குற்றச்சாட்டு. திரும்பி வரவில்லை. குழந்தைகள் விடுதிகளுக்குச் சிதறிப்போயின. அந்த முப்பது வருஷச் சண்டையில் மாண்டவர்கள் 3,500 பேருக்கு மேல். 1998-ல் புனித வெள்ளி ஒப்பந்தம் வந்து சண்டையை ஓயவைத்தது.

அதைச் சமரசம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. நம் ஊர்ப் பங்காளி வழக்கில் 'ராஜி' என்பார்களே, அதுதான். 400-க்கு மேற்பட்ட கைதிகள் இரண்டு வருஷத்தில் வெளியே வந்தார்கள். பகைவர்கள் ஒரே மந்திரி சபையில் உட்கார்ந்தார்கள். தென் ஆப்பிரிக்காவில் வைத்ததைப் போல உண்மையை விசாரிக்க ஒரு கமிஷன் என்பது ஒப்பந்தத்தில் இல்லை. ராஜியை நான் குறைவாகச் சொல்லவில்லை. பிணம் விழுவது நின்றதே, அது சின்னக் காரியமா?

ஆனால் புத்தகத்தில் ஓர் இடம். அந்த அம்மாளின் மகன்களில் ஒருவர், பெரியவரான பிறகு, ஒரு டாக்ஸியில் ஏறுகிறார். ஓட்டுகிறவன், அன்றிரவு வந்தவர்களில் ஒருவன். இவருக்கு அடையாளம் தெரிந்துவிடுகிறது. ஒரு வார்த்தை பேசவில்லை. இடம் வந்ததும் இறங்கிக்கொள்கிறார். கீஃப் இதைச் சில வரிகளில் தாண்டிவிடுகிறார். நானாக இருந்தால் புத்தகத்தையே இங்கேதான் ஆரம்பித்திருப்பேன். எந்த ஒப்பந்தத்தின் எந்த ஷரத்தில் அந்தச் சவாரிக்கு இடம் உண்டு?

அவர் நன்றாகச் செய்திருப்பது டோலர்ஸ் பிரைஸ் என்ற பெண்ணின் சித்திரம். 1973-ல் லண்டனில் குண்டு வைத்துச் சிறை சென்றவர். 200 நாளுக்கு மேல் உண்ணாவிரதம் இருந்து, குழாய் வழியே பலவந்தமாக ஊட்டப்பட்டவர். இவருக்குச் சமாதானம் பொறுக்கவில்லை. ஒன்றுபட்ட அயர்லாந்துக்காக என்று செய்ததெல்லாம், அது கிடைக்காமலே தலைவர்கள் ராஜியானபோது, வெறும் கொலைகளாக அவர் மடியில் வந்து விழுந்துவிட்டன. கொன்றவருக்கும் சமாதானம் இப்படி ஒரு தண்டனையாகும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

1999-ல் இரு அரசாங்கங்களும் சேர்ந்து ஒரு கமிஷன் வைத்தன. புதைத்த இடத்தைச் சொன்னால் போதும். சொன்னதைக் கோர்ட்டில் சாட்சியமாக்க மாட்டோம் என்பது ஏற்பாடு. நீதி எங்கே என்று கேட்கத் தோன்றுகிறது. எனக்கும் தோன்றியது. ஐ.ஆர்.ஏ. காட்டிய கடற்கரையைத் தோண்டினார்கள், கிடைக்கவில்லை. 2003-ல் அருகிலேயே வேறொரு கடற்கரையில், நடந்துபோனவர்கள் கண்ணில் எலும்புகள் பட்டன.

கீஃப் கடைசியில், சுட்டவர் இன்னார் என்று தம் யூகத்தைச் சொல்கிறார். கெட்டிக்காரத்தனம்தான். எனக்கென்னவோ அந்தப் பெயர் மனசில் ஒட்டவில்லை. மணலைத் தோண்டும் அத்தியாயத்தைத்தான் மறுபடி படிக்க அடையாளம் வைத்திருக்கிறேன்.