கொலைக்களக் காதையும் பினாங்குக் கலகமும்

சிலப்பதிகாரத்தைப் பாடமாக நடத்தும் ஆசிரியர் பலர் வழக்குரை காதைக்கு விரைந்து சென்றுவிடுகின்றனர். கண்ணகி அரசவையில் நின்று வழக்காடுவதும், உடைந்த சிலம்பிலிருந்து முத்துக்கு மாறாக மாணிக்கம் தெறிப்பதும், பாண்டியன் அரியணையிலேயே உயிர் நீப்பதும் மாணவர் உள்ளத்தை எளிதில் கவர்வன. மேடைப் பேச்சுக்கும் ஏற்றவை. ஆயின் நீதி பிழைத்த இடம் அரசவை அன்று. பொற்கொல்லன் குடிலுக்கு அண்மையில், ஊர்காப்பாளர் சிலர் கூடி நின்று பேசிய அந்தச் சிறுபொழுதிலேயே அது பிழைத்துவிட்டது. அப்பகுதியைக் கதை ஓட்டத்துக்கான இணைப்பு என்று மட்டும் கருதிக் கடந்து செல்வது காப்பியத்துக்குச் செய்யும் குறையாகும்.

ஊடல்கொண்ட தேவியின் கோயிலை நோக்கிச் செல்லும் அரசன், வழியில் வந்து வணங்கிய பொற்கொல்லன் சொல்லை நம்பிக் காவலரை அழைத்து ஆணையிடுகிறான். ஆராய்ச்சி இல்லை, சான்று கேட்கவில்லை. கொல்வதற்காகக் கொண்டு வருக என்று சொல்ல எண்ணியவன் வாய் தவறிக் கொன்று கொணர்க என்றான் என அரசனுக்காக வாதாடும் உரை மரபும் உண்டு. ஊழின் மேல் பாரத்தைப் போடும் அவ்விளக்கம் பாண்டியனைக் காக்குமே தவிர, அடுத்து வரும் காட்சியை விளக்காது. ஏனெனில் ஆணை வந்த பின்னும் காவலர் ஐயுறுகின்றனர். இவன் தோற்றம் கொலைக்குரிய கள்வன் தோற்றமாக இல்லையே என்று வெளிப்படையாகவே சொல்கின்றனர்.

அந்த ஐயம் எவ்வாறு அழிக்கப்படுகிறது என்பதில்தான் இளங்கோவடிகளின் உலகியல் அறிவு விளங்குகிறது. பொற்கொல்லன் அவர்களைப் பார்த்து நகைத்து, மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்ற எட்டும் கள்வர்க்குத் துணையாவன என்று நூல் கற்றவன்போல் விரித்துரைக்கிறான். தோற்றம் நல்லதாக இருப்பதே கள்வன் என்பதற்குச் சான்றாகிவிடுகிறது! பின் இளங்காவலன் ஒருவன், மழைக்கால இருளில் தன் கைவாளையே பறித்துக்கொண்டு மறைந்த கள்வன் ஒருவனைப் பற்றிக் கூறுகிறான். செயலற்று நின்றால் வேந்தன் நம்மை ஒறுப்பான் என்றும் நினைவூட்டுகிறான். புலமை போன்ற பேச்சும், பழைய அச்சமும், மேலிடத்துத் தண்டனை பற்றிய கவலையும் ஒன்று சேர்கின்றன. அதற்குமேல் எவரும் பேசவில்லை. களிமயக்கில் இருந்த கல்லாதவன் ஒருவன் வாளை வீசுகிறான். வீசியவன் ஒருவனே எனினும் பொறுப்பு அங்கு நின்ற எல்லாருக்கும் உரியது.

கோவலன் மதுரைக்கு அயலான் என்பதையும் இங்கு நினைக்க வேண்டும். மூவேந்தர் ஆட்சியில் பிரிந்து கிடந்த தமிழகத்தில் புகார் வணிகன் ஒருவனை ‘இவன் இன்னான்’ என்று அறிந்து கூற அத்தெருவில் எவரும் இல்லை. புகாரில் அவன் பெருங்குடி. மதுரையில் சிலம்பு வைத்திருக்கும் வழிப்போக்கன்.

அயலாரே கூடி அமைந்த பினாங்கில் இக்காட்சிக்குத் தனிப்பொருள் உண்டு. 1786இல் கிழக்கிந்தியக் கம்பெனி இத்தீவில் குடியேற்றம் அமைத்தபின், 1807இல் அரச பட்டயம் வரும்வரை இங்கு முறையான நீதிமன்றம் இல்லை. 1801இல் நீதிபதியாக வந்த ஜான் டிக்கன்ஸ், இயற்கை நீதியைத் தவிர வேறு சட்டம் இங்கு இல்லை என்று முறையிட நேர்ந்தது. சிறு வழக்குகளை அந்தந்த இனத்துக் கப்பித்தான்மாரே தீர்த்து வந்தனர். காதர் மைதீன் பெயரோடு விளங்கும் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் அக்காலத்தை இன்றும் நினைவூட்டுகிறது. பட்டயத்தின்வழி வந்த நீதிமன்றம் ஆங்கிலத்தில் பேசிற்று. தம் மொழி தெரியாத மன்றத்தை அஞ்சிய எளியோர் சத்தியம் செய்து சேர்ந்த இரகசியச் சங்கங்களையே தம் அரணாகக் கொண்டனர். உறுப்பினரிடையே வழக்குத் தீர்த்ததும் அபராதம் விதித்ததும் சங்கமே. அரசாங்கத்துக்குச் சாட்சி சொல்லலாகாது என்பதும் சங்க நெறி.

இதன் விளைவு 1867இல் வெளிப்பட்டது. நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய ஆட்சியினின்று பிரிந்து பிரிட்டிஷ் முடியின் நேர் ஆட்சிக்கு வந்தது அவ்வாண்டு ஏப்ரல் 1. நான்கு மாதம் கழித்து, ஆகஸ்டு 3இல் ஜார்ஜ் டவுனில் மூண்ட கலகம் ஏறத்தாழப் பத்து நாள் நீடித்தது. சாயத்துணி திருடப்பட்டது என்ற மெய்ப்பிக்கப்படாத பழியே உடனடிக் காரணம் என்பர். சிலம்பைக் கற்றவர்க்கு இச்செய்தி புதிதாகத் தோன்றாது.

அதனைச் சீனர் கலகம் என்று மட்டும் குறிப்பிடுவது தவறு. கீ ஹின் சங்கத்தோடு வெள்ளைக்கொடியினரும், துவா பே கோங் சங்கத்தோடு செங்கொடியினரும் சேர்ந்து நின்றனர். இக்கொடிச் சங்கங்கள் முகரம் விழாவையொட்டி வளர்ந்தவை. மலாய்க்காரரும், ஜாவி பெக்கான் எனப்பட்டோரும், தமிழ் முஸ்லிம்களும் அவற்றில் இருந்தனர். இனத்தால் பிரிந்த நகர் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். உண்மையில் அது சத்தியத்தால் பிரிந்த நகர். ஒரே பள்ளியில் தொழுதவரும் இரு கொடிக்கீழ் நின்றனர்.

துணை ஆளுநர் ஆன்சன் கையில் போதிய படை இல்லை. சிங்கப்பூரிலிருந்து சிப்பாய்கள் வந்து சேர்ந்த பின்னரே அமைதி திரும்பிற்று. இறந்தோர் நூற்றுக்கணக்கினர், எரிந்த வீடுகளோ பல. ஆர்மீனியன் தெருவை அடுத்த கெனன் தெரு, அன்று பாய்ந்த பீரங்கிக் குண்டால் அப்பெயர் பெற்றது என்பர். கண்ணகி ஏவிய தீ முதியோரையும் குழந்தைகளையும் விலக்கித் தீயோரை மட்டும் தேடிச் சென்றதாகக் காப்பியம் கூறும். ஜார்ஜ் டவுனில் மூண்ட தீ எவரையும் அவ்வாறு தேர்ந்து விலக்கவில்லை.

தண்டனை பற்றிய பகுதியே ஒப்பீட்டில் கடுமையானது. நான்கு சங்கங்களுக்கும் தலா 5,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. அதில் ஒரு பகுதி கொண்டு, அவர்கள் ஆதிக்கம் செலுத்திய பகுதிகளிலேயே நான்கு காவல் நிலையங்கள் எழுந்தன. கூட்டத்தின் மேல் விழுந்த தண்டனைதான். எனினும் பொருளளவில் நின்றது. காப்பியமோ இன்னும் கொடிய ஒன்றைக் கூறுகிறது. நெடுஞ்செழியனுக்குப் பின் வந்த வெற்றிவேற் செழியன், பொற்கொல்லர் ஆயிரவரை ஒரு பகலில் பத்தினிக்குப் பலியிட்டான். ஒருவன் செய்த பொய்க்கு ஆயிரவர்! ஆராயாது கொன்ற பழியை ஆராயாது கொன்றே தீர்க்க முயன்ற இச்செயலை அடிகள் கண்டிக்கவில்லை. மழை வேண்டிச் செய்த சாந்தி என்று உரைபெறு கட்டுரை அமைதியாகக் குறிக்கிறது. வகுப்பில் இதனை மறைப்பது நேர்மையாகாது. அரைசியல் பிழைத்தோரைப் பற்றிப் பாடிய நூலின் உள்ளேயே அறம் மீண்டும் பிழைக்கிறது என்பதை மாணவர் அறியட்டும்.

துவா பே கோங் சங்கத் தலைவர் கூ தியன் தெய்க்குக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை பின்னர்க் குறைக்கப்பட்டது. தகுதியானதா அன்றா என்பது தனி வழக்கு. ஆயினும் தீர்ப்புக்கும் சாவுக்கும் நடுவே மறு எண்ணம் நுழைய இடம் இருந்தது.

அத்தகைய இடைவெளியின் அருமையைக் காப்பியமும் அறியும். கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு வார்த்திகன் வழக்கைக் கூறுகிறது. அரசனுக்குரிய புதையலைக் கவர்ந்தான் என்று பொய்யாகப் பழி சுமத்திக் காவலர் அவனைச் சிறையிட்டனர்; அவன் மனைவி கார்த்திகை அழுதாள்; கொற்றவை கோயிற் கதவு திறக்கவில்லை. அரசன் ஆராய்ந்து பிழையை உணர்ந்தான். மன்னிப்பு வேண்டி ஊர்களை வழங்கினான். அங்கும் பழி பொய், காவலர் பிழைத்தனர். வார்த்திகன் உயிரோடு இருந்தான் என்பதொன்றே வேறுபாடு. பாண்டியர் செங்கோலுக்குச் சான்றாகத் தெய்வம் இதை எடுத்துரைக்கிறது. கேட்ட கண்ணகி அவ்வழக்கைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை; கணவனைக் காணும்வரை எங்கும் தங்குவதில்லை என்று மட்டும் சொல்லி, மேற்கு வாயில் வழியே தனியளாய் வெளியேறுகிறாள்.