திணைக் கோட்பாடும் நெடுந்தீவும்: மூன்று ஆய்வுகள் பற்றிய ஒரு நோக்கு

பட்டப்பின் படிப்பிற்காக எழுதப்படும் ஆய்வேடுகளுட் பெரும்பாலானவை தேர்வாளர் இருவர் மூவரின் பார்வைக்குப் பின்னர் நூலகத் தட்டுகளில் உறங்கிவிடுகின்றன. சிலவே உறங்காதிருக்கின்றன. அவ்வாறு உறங்காமைக்குக் காரணம் அவற்றின் முடிபுகள் பிழையற்றவை என்பது அன்று. பின்வந்த ஆய்வாளர் அவற்றை ஏற்றும் மறுத்தும் திருத்தியும் தம் ஆய்வினைத் தொடங்க நேர்ந்தமையே காரணமாகும். ஈழத்துத் தமிழாய்வில் அத்தகைய தொடர்ச்சி எங்கே காணப்படுகின்றது எனத் தேடுவார்க்குத் திணைக் கோட்பாடு பற்றிய ஆய்வுகள் முதற்கண் தென்படும். தனிநாயகம் அடிகளார், பேராசிரியர் க. கைலாசபதி, பேராசிரியர் கா. சிவத்தம்பி ஆகிய மூவரும் கால் நூற்றாண்டுக் காலத்துள் ஒரே பாடற் பரப்பினை மூன்று வேறு வினாக்களுடன் அணுகினர். அம்மூன்று வினாக்களையும் நெடுந்தீவு என்னும் ஒரு சிறு நிலத்தின்மீது வைத்து உரைத்துப் பார்த்தல் பயனுடையது.

நெடுந்தீவைத் தெரிந்தமை வலிந்து செய்த தெரிவன்று. அடிகளார் 1913ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் திகதி ஊர்காவற்றுறையைச் சார்ந்த கரம்பொன்னிற் பிறந்தவராயினும் தந்தைவழியில் நெடுந்தீவினர். சேவியர் ஸ்ரனிஸ்லாஸ் எனப் பெயர்பெற்றிருந்தவர் பின்னர்ச் சூடிக்கொண்ட தனிநாயகம் என்ற பெயரும் அத்தீவின் முன்னோர் வழி வந்ததே. உரோமாபுரியில் இறையியல் பயின்று குருவானவர், இலத்தீன், இத்தாலியம் முதலிய மொழிகளில் தேர்ச்சி பெற்ற பின்னரே, முப்பதை அணுகிய வயதில், திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்திலே ஆசிரியராயிருந்தபோது தமிழிலக்கியத்தை முறையாகக் கற்கத் தலைப்பட்டார். 1945 முதல் 1949 வரை அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் முதுகலை பயின்று, எம். லிற். பட்டத்திற்காகச் சங்கப் பாடல்களில் இயற்கை என்னும் பொருளை ஆராய்ந்தார். அவ்வாய்வு 1950களின் தொடக்கத்தில் நூலாயிற்று. திருத்தமும் விரிவும் பெற்று 1966இல் ‘லாண்ட்ஸ்கேப் அண்ட் போயட்ரி’ என்ற ஆங்கிலத் தலைப்புடன் மீண்டும் வெளிவந்தது.

இந்நூலின் சிறப்பு அதன் ஒப்பீட்டில் உளது. கிரேக்க, இலத்தீன் கவிதைகளோடு சங்கப் பாடல்களை அருகருகே வைத்து, தமிழ்ப் புலவன் இயற்கையை இயற்கைக்காகவே பாடுபவனல்லன், மானிட உணர்வின் பின்னணியாகவே அதனைக் கையாள்பவன் என அடிகளார் காட்டினார். இம்முடிபு இன்று பழகிப்போன ஒன்று. 1940களின் இறுதியில், தமிழிலக்கியத்தை உலக இலக்கியத்தின் ஒரு பகுதியாக வைத்துப் பிறமொழியாளர்க்கு விளக்குதல் அரிதாயிருந்த சூழலில், அது பழகிய கருத்தாக இருக்கவில்லை. ஆயினும் நூலைக் கூர்ந்து கற்பார்க்கு ஒரு குறை புலப்படும். அங்கே நிலம் புலவனின் கண்ணாற் பார்க்கப்பட்ட நிலம். கழிக்கரையில் நாரை நிற்பதும், புன்னை மலர் உதிர்வதும், தலைவி மாலையில் வருந்துவதும் உள. அக்கழியில் உப்பு விளைப்பவனின் உழைப்பு எத்தகையது, அவன் அவ்வுப்பை எதற்கு மாற்றினான் என்பன பின்னணியின் பின்னணியாகவே நின்றுவிடுகின்றன. அழகியல் நோக்கிற் செய்யப்பட்ட ஓர் ஆய்வை இதன்பொருட்டுப் பழித்தல் முறையன்று. அவ்விடைவெளியே அடுத்தவர்க்கு வாயிலாயிற்று என்று கொள்வதே தகும்.

அடிகளார் தம் ஆய்வேட்டுடன் நின்றுவிடவில்லை. 1952இல் ‘தமிழ் கல்ச்சர்’ என்னும் ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கினார். இலங்கைப் பல்கலைக் கழகத்திற் கல்வியியல் விரிவுரையாளராயிருந்துகொண்டே இலண்டன் சென்று, பண்டைத் தமிழிலக்கியத்திற் கல்விச் சிந்தனை என்னும் பொருளில் கலாநிதிப் பட்டமும் பெற்றார். 1964 ஜனவரியில் புதுடில்லியில் நடந்த கீழைத்தேயவியலாளர் மாநாட்டின்போது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றுவதற்கு முதன்மையாக நின்றார். 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு கூடியது. மாநாடு என்றவுடன் ஊர்வலமும் அலங்கார வண்டியும் நினைவுக்கு வருதல் பின்னாளைய வழக்கம். முதல் மாநாட்டின் ஆங்கிலப் பெயரிலேயே கருத்தரங்கு என்ற சொல் இணைந்திருந்தது என்பது மறக்கப்படுகின்றது. தனியே எழுதப்பட்ட ஆய்வுகள் ஒன்றையொன்று சந்தித்து வினவிக்கொள்ள ஓரிடம் வேண்டும் என்பதே அவரது நோக்கமாயிருந்தது.

அதே ஆண்டிற் கைலாசபதி பேர்மிங்காம் பல்கலைக் கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். கிரேக்கப் பேரறிஞர் ஜோர்ஜ் தொம்சனின் மேற்பார்வையில் எழுதப்பெற்ற அவ்வேடு 1968இல் ஒக்ஸ்போட்டில் நூலாக வெளிவந்தது. அடிகளாரும் கிரேக்கத்தை நாடினார், கைலாசபதியும் கிரேக்கத்தை நாடினார். நாடிய காரணம் வேறு. மில்மன் பரி, அல்பேட் லோட் ஆகியோர் ஹோமரின் காப்பியங்களை வாய்மொழி மரபின் வழி விளக்கிய முறையைக் கைலாசபதி சங்கப் பாடல்களுக்குப் பொருத்தினார். அடிகளார்க்கு நுண்ணிய இயற்கை நோக்காகத் தோன்றிய அடைமொழி, கைலாசபதிக்குப் பாணன் தன் நினைவின் பொருட்டு வைத்திருந்த வாய்பாடாகத் தோன்றிற்று. திணையும் துறையும் பாடுவோனுக்குக் கைகொடுக்கும் பொருட்கூறுகளாயின. ஒரே தொடர், ஒருவர்க்குக் கண்ணின் சான்று, மற்றவர்க்குச் செவியின் சான்று! இவ்வாய்மொழிக் கொள்கை முற்றாக நிலைபெற்றுவிடவில்லை. 1975இல் வெளிவந்த தம் நூலில் ஜோர்ஜ் ஹார்ட், இப்பாடல்கள் வாய்மொழிப் பாடல்களின் சாயலில் அமைந்தவையே அன்றி வாய்மொழியாகவே தோன்றியவை அல்ல என வாதிட்டார். அவ்வாதத்தில் வலுவுண்டு. சங்கச் செய்யுளின் செறிவு, பாடிக்கொண்டே புனையும் ஒருவனுக்கு எளிதிற் கைகூடுவதன்று.

சிவத்தம்பியின் வினா மூன்றாவது. முல்லைத் திணையின் பொருளாதார நடவடிக்கைகளையும் ஒழுக்கத்தையும் மானிடவியல் நோக்கில் ஆராய்ந்த அவரது கட்டுரை கோலாலம்பூர் மாநாட்டுத் தொகுதியில் இடம்பெற்றது. அடிகளார் அமைத்த களம், அடிகளாரின் நோக்கினைக் கடந்துசெல்லும் கட்டுரைக்கும் இடமளித்தமை இங்குக் கருதத்தக்கது. 1970இற் சிவத்தம்பியும் பேர்மிங்காமிலேயே பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றிய ஆய்வுக்காகக் கலாநிதியானார். 1974இல் வெளிவந்த திணைக் கோட்பாடு பற்றிய கட்டுரையில், ஐந்திணையும் மனித வளர்ச்சியின் ஐந்து படிகள் அல்ல, ஒரே காலத்தில் அருகருகே நிலவிய சமனற்ற வளர்ச்சியின் வடிவங்கள் என்று அவர் நிறுவ முயன்றார். வேட்டுவனும் ஆயனும் உழவனும் ஒருவன்பின் ஒருவனாகத் தோன்றி மறைந்தவர்களல்லர், ஒரே நாளில் ஒருவரோடொருவர் பண்டமாற்றியவர்கள். மூவருள் நிலத்தை அதன் உற்பத்தியோடு சேர்த்துப் பார்த்தவர் இவரே. எனினும் மருதத்தில் அரசு உருவாதலையும் முல்லையிற் குடும்பம் உருவாதலையும் விளக்குவதற்குக் கிடைத்த இடத்தோடு ஒப்பிடுகையில், நெய்தலுக்குக் கிடைத்த இடம் சிறிது. மீனும் உப்பும் கொண்டு நெல்லுக்கு மாற்றுவோர் என்ற அளவில் நெய்தல் மாந்தர் நின்றுவிடுகின்றனர்.

இவ்விடத்தில் நெடுந்தீவைக் காண்போம் என்று சொல்லத் தோன்றும். நிலப்படத்தில் அது ஐயத்திற்கிடமற்ற நெய்தல். யாழ்ப்பாணத் தீவுகளுள் பரப்பாற் பெரியவற்றுள் ஒன்று. குடாநாட்டிலிருந்து மிக விலகி நிற்பது. புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் படகுப் பயணம். ஆனால் கரையேறி உள்ளே நடப்பவன் காண்பது வேறு. மலையும் ஆறும் அற்ற தட்டையான முருகைக்கல் நிலம். சாந்தின்றி அடுக்கப்பட்ட முருகைக்கல் வேலிகள். அவற்றுக்கப்பாற் பனையும், புல்வெளியும், மேயும் மாடுகளும். போர்த்துக்கேயர் இத்தீவிற்கு இட்ட பெயர் பசுக்களின் தீவு என்று பொருள்படும். பசுத்தீவு என்ற பெயர் தமிழ் வழக்கிலும் உண்டு. கடலாற் சூழப்பட்டு, உள்ளே முல்லையாகக் கிடக்கும் நிலம் அது. கோடையிற் புல் கருகிக் கேணிகளின் நீர் வற்றும்போது அம்முல்லையும் திரிகின்றது. முல்லையும் குறிஞ்சியும் முறைமையின் திரிந்து பாலையாகும் என்ற சிலப்பதிகாரச் செய்தி நெடுந்தீவானுக்கு உரையாசிரியர் துணையின்றியே விளங்கும்.

தொல்காப்பியர் திணை மயங்குதலை விலக்கவில்லை. ஆனால் இரு நிலங்கள் ஒருங்கே மயங்குதல் இல்லை என்றார். ஒரு நிலத்தின் ஒழுக்கம் மற்றொரு நிலத்திற் புகலாம், நிலமே இன்னொரு நிலத்துட் புகாது என்பது அதன் கருத்து. நெடுந்தீவில் நிலமே மயங்கியிருக்கின்றது. காலையிற் கடலுக்குச் செல்லும் குடும்பத்திற்கும் மாலையில் மாடு கட்டும் குடும்பத்திற்கும் இடையிலுள்ள தொலைவு ஒரு கல்வேலியின் அகலமாயிருத்தல் கூடும். இதனைக்கொண்டு இலக்கணம் பிழை என்பது பேதைமை. இலக்கணம் பாடலுக்கு எழுதப்பட்டது, தீவுக்கு எழுதப்படவில்லை. ஆயினும் திணைகளைப் பொருளாதார வடிவங்களாகக் கொள்ளும் ஆய்வாளனுக்கு இது புறக்கணிக்கத்தக்க செய்தியன்று. சமனற்ற வளர்ச்சி என்பது நிலத்துக்கும் நிலத்துக்கும் இடையே மட்டும் நிகழ்வதா, ஒரே நிலத்துள்ளும் ஒரே வீட்டுள்ளும் நிகழ்வதா? சிவத்தம்பியின் வாதத்தை மறுப்பதற்கன்றி, இன்னும் ஓரடி முன்கொண்டு செல்வதற்கே இவ்வினா உதவும்.

பிரிவு பற்றிய வினாவும் அத்தகையதே. பொருள்வயிற் பிரிதல் பாலைக்குரியது, இரங்கல் நெய்தலுக்குரியது என்பது மாணவர் மனனம் செய்யும் வாய்பாடு. தீவுப்பகுதி ஆடவர் பல தலைமுறைகளாகத் தென்னிலங்கை நகரங்களிற் கடை வைத்துப் பொருளீட்டியவர். பின்னர்க் கடல்கடந்த நாடுகளுக்கும் சென்றவர். அவர்களின் மனைவியர் இறங்குதுறையைப் பார்த்திருந்தபோது அவ்வொழுக்கம் பாலையா, நெய்தலா, அன்றி ஆற்றியிருத்தலாகிய முல்லையா? பதில் எதுவாயினும், நூலிலிருந்து மட்டும் அதனைப் பெறுதல் இயலாது.

நெய்தலை மீனும் உப்புமாகச் சுருக்கியதன் குறையைத் தீவுப்பகுதியின் இன்னொரு சான்று காட்டுகின்றது. நயினாதீவிலுள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு பன்னிரண்டாம் நூற்றாண்டினது. அந்நியர் ஊராத்துறையில், அஃதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்திறங்க வேண்டும் என்பதும், யானையும் குதிரையும் கொண்டுவரும் கலம் உடைந்தாற் காற்பங்கு பண்டாரத்திற்கும் முக்காற்பங்கு உடையவனுக்கும் உரியது என்பதும், வணிகப் பண்டம் கொண்டுவரும் கலம் உடைந்தாற் பாதி பாதி என்பதும் அதிற் கூறப்படும். கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலையும் அறியும். நெடுந்தீவின் புல்வெளியில் இன்றும் கட்டின்றித் திரியும் குதிரைகள் ஐரோப்பியர் காலத்தனவற்றின் வழிவந்தவை எனப்படும். அவை கல்வெட்டின் குதிரைகளல்ல. எனினும் இக்கடலிற் குதிரை ஒரு புதிய பண்டமன்று.

அக்கல்வெட்டினை 1963இல் இலங்கைப் பல்கலைக் கழகத்தின் ஆங்கில ஆய்விதழிற் பதிப்பித்தவர் கா. இந்திரபாலா. அப்போது அவர் இளம் ஆய்வாளர். 1965இல் இலங்கையில் திராவிடக் குடியேற்றங்களும் யாழ்ப்பாண அரசின் தோற்றமும் பற்றி இலண்டனிற் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவ்வேட்டின் முடிபுகள் பல்லாண்டுகள் மேற்கோள் காட்டப்பட்டன, கடுமையாகத் தாக்கவும்பட்டன. நாற்பதாண்டுகளின் பின், 2005இல் வெளியிட்ட நூலில், தொல்லியல் முதலிய புதிய சான்றுகளின் ஒளியில் தம் பழைய நிலைப்பாட்டினை அவரே திருத்தி எழுதினார். தன் ஆய்வேட்டுக்குத் தானே மறுப்பாளனாக நிற்றல் ஈழத்தில் அரிது. பிறர் மறுக்கும்போது பகையெனக் கொள்ளுதலே மலிவு.

மேற்குறித்த விவாதம் முழுவதும் ஆங்கிலத்தில் நடந்தது என்பதையும் கூறாமல் விடலாகாது. கைலாசபதி 1966இலேயே ‘பண்டைத் தமிழர் வாழ்வும் வழிபாடும்’ என்ற நூலால் தம் சிந்தனையைத் தமிழ் வாசகர்க்கு ஓரளவு தந்தார். அவருடைய ஆய்வேடும் சிவத்தம்பியின் ஆய்வேடும் முழுமையாகத் தமிழாக்கம் பெற்றமை 2000ஆம் ஆண்டிற்குப் பின்னரே. 1982இல் மறைந்த கைலாசபதி தம் ஏட்டின் தமிழ் வடிவைக் காணவில்லை. இடைப்பட்ட காலத்தில் 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தது. 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானுக்கும் இடையே சென்ற குமுதினிப் படகில் பயணிகள் கொல்லப்பட்டனர். அக்கடலைக் கடப்பதே உயிர்விலையாயிருந்த காலத்தில், அத்தீவின் மேய்ச்சலையும் மீன்பிடியையும் கணக்கெடுக்க ஆய்வாளன் வரவில்லை எனக் குறைகூறுவது நீதியன்று.

அக்காலம் கழிந்தது. இன்று படகு ஓடுகின்றது. யாழ்ப்பாணப் பல்கலைக் கழகத்திலிருந்து ஒரு நாளிற் சென்று மீளலாம். முருகைக்கல் வேலியை எவ்வெவ்வாறு அடுக்குவர், மேய்ச்சல் நிலத்தில் எவர்க்கு எவ்வுரிமை, மாட்டுக்குக் குறியிடும் முறை யாது, காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் கடற்றொழிலாளர் வழங்கும் பெயர்கள் எத்தனை என்பவற்றைச் சொல்லக்கூடிய முதியோர் அங்கே இன்னும் சிலர் உளர். அவர்களது சொற்களை முதலில் எழுதிக்கொண்டு, பின்னர் அடிகளாரின் நூலையும் சிவத்தம்பியின் கட்டுரையையும் விரித்து, எவ்விடத்தில் அவை பொருந்துகின்றன, எவ்விடத்தில் வழுவுகின்றன எனக் குறிக்கும் ஓர் ஆய்வேடு எழுதப்படுமாயின், அதன் முதல் இயல் நெய்தலிலிருந்து தொடங்குமா, முல்லையிலிருந்து தொடங்குமா என்பதே மேற்பார்வையாளருடன் வாதிடவேண்டிய முதல் வினாவாக இருக்கும்.