வணிகர் குறும்பதிவு: ஒரு திறனாய்வு

பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்தில் பலவகைக் கொடிகள் பறக்கின்றன. அவற்றுள் ஒன்று கள் விற்கும் மனையின் வாயிலில் நின்ற கொடி. கொடி பேசாது, ஆயினும் இன்ன பொருள் இவ்விடத்துக் கிடைக்கும் என்பதைக் காண்போர்க்கு அது உணர்த்திற்று. அதற்கு மேல் ஒன்றும் கூறவில்லை. அதே பாட்டு, கொள்வதிலும் கொடுப்பதிலும் அளவு பிறழாத வணிகரைப் போற்றுகின்றது. இவ்விரு செய்திகளையும் இணைத்து நோக்கினால், சமூக ஊடகங்களில் இன்று வணிகர் வெளியிடும் குறும்பதிவுகளை மதிப்பிட நமக்கோர் அளவுகோல் கிடைக்கும். சரக்கிற்கு வேண்டிய நேர்மையான அளவு சொல்லுக்கும் வேண்டும் என்பதே அது.

கடைக்காரர் எழுதும் இரண்டு வரியில் திறனாய்வதற்கு என்ன உண்டு எனச் சிலர் வினவலாம். நம் மாணாக்கர் கைப்பேசியில் அன்றாடம் காணும் உரைநடையுள் இதுவும் ஒன்று. அவர்கள் படிக்கும் நடையை ஆசிரியர் படியாதிருத்தல் தகுமா?

அளவு வந்த வரலாறு

2006ஆம் ஆண்டில் தோன்றிய டுவிட்டர், ஒரு பதிவுக்கு 140 எழுத்துகள் என வரம்பு வகுத்தது. கைப்பேசிக் குறுஞ்செய்தியின் எல்லை 160 எழுத்துகள். அதில் 20 எழுத்துகளைப் பயனர் பெயருக்கென ஒதுக்கி, எஞ்சியதைச் செய்திக்கு அளித்தனர். 2017 நவம்பரில் இவ்வரம்பு 280 ஆயிற்று. 2023 ஜூலையில் அத்தளம் எக்ஸ் எனப் பெயர் மாறியது. இன்று கட்டணம் செலுத்துவோர் நெடுங்கட்டுரையே இடலாம். ஆகவே இச்சுருக்கம் எந்த இலக்கணப் புலவரும் வகுத்ததன்று. கருவியின் குறுக்கத்தால் நேர்ந்தது. குறுகிய பதிவெல்லாம் நல்ல பதிவு என்று கொள்வதற்கில்லை. சுருங்கச் சொல்லலை அழகென்ற நன்னூலார், குன்றக் கூறலைக் குற்றம் என்றதும் இதனாலேயே நினைக்கத்தக்கது.

பயன் தந்த பதிவுகள்

2008ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் கோகி என்னும் உணவு வண்டி வாணிகம் தொடங்கியது. கொரிய நாட்டு இறைச்சியை மெக்சிகோ நாட்டு ரொட்டியில் வைத்து விற்பது அதன் தொழில். வண்டி ஓரிடத்தில் நில்லாது. எனவே வாடிக்கையாளர் அறிய வேண்டியவை இரண்டே: எத்தெருவில், எத்தனை மணிக்கு. அவ்விரண்டையும் டுவிட்டரில் அறிவித்தனர். மக்கள் வரிசையில் வந்து நின்றனர். இங்குக் குறும்பதிவு, நகரும் கடைக்கு முகவரியாகவே விளங்கிற்று. மிகையும் இல்லை, குறையும் இல்லை. பட்டினப்பாலைக் கொடியின் நேர் வழித்தோன்றல் எனலாம்.

டெல் கணினி நிறுவனம், திரும்பி வந்த கணினிகளைச் செம்மைசெய்து விலை குறைத்து விற்கும் தன் பிரிவுக்கு இவ்வழியை மேற்கொண்டது. இருப்பு விரைந்து மாறும் சரக்கிற்கு விரைந்து செல்லும் செய்தி பொருத்தமானதே. 2009 டிசம்பர் வரை இதனால் 6.5 மில்லியன் டாலர் விற்பனை கிட்டியதாக நிறுவனம் அறிவித்தது. இதனைப் பெருவெற்றி என முழங்குவோர், அந்நிறுவனத்தின் ஓராண்டு வருவாயே 50 பில்லியன் டாலருக்கு மேற்பட்டது என்பதையும் உடன் கூற வேண்டும். ஒன்றைக் கூறி மற்றொன்றை மறைப்பது கணக்காயரின் நேர்மையாகாது.

நகையும் நோவும்

2013 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸ் நகரில், அமெரிக்கக் காற்பந்து இறுதியாட்டத்தின் இடையே விளக்குகள் அணைந்து, ஆட்டம் 34 நிமிடம் தடைப்பட்டது. இருட்டிலும் பிஸ்கட்டைப் பாலில் தோய்த்துண்ணத் தடையில்லை என்னும் கருத்துப்பட ஓரியோ நிறுவனம் உடனே ஒரு பதிவு இட்டது. விலை இல்லை, கடை இல்லை; ஆயினும் காலம் அறிந்த நகைச்சுவை. எவரும் அதனால் புண்படவில்லை. பாராட்டியவர் பலர், ஆனால் பாராட்டின் தொகை விற்பனைத் தொகையாகிவிடாது.

இதற்கு ஈராண்டு முன்னர், 2011 பிப்ரவரியில், எகிப்து மக்கள் ஆட்சியாளரை எதிர்த்துத் தெருவில் உயிர்விட்டுக் கொண்டிருந்தனர். கென்னத் கோல் என்னும் ஆடை நிறுவனத்தாரின் பதிவோ, கெய்ரோ நகரின் கொந்தளிப்பு தம் புதிய இளவேனில் ஆடைகளைப் பற்றிக் கேள்வியுற்றதால் எழுந்தது போலும் என்று வேடிக்கை பேசியது. கண்டனம் எழவே, மன்னிப்புக் கோரினர். 2014இல் டிஜியோர்னோ என்னும் பீட்சா நிறுவனம், கணவரால் கொடுமையுற்ற பெண்கள் தம் துயரைப் பகிர்ந்த குறிச்சொல்லின் பொருளை அறியாமலே, அதனைத் தன் விளம்பரத்திற்கு எடுத்தாண்டு வருந்தியது.

இப்பதிவுகள் சுருக்கமானவை, தெளிவானவையுங்கூட. பின், வழு எங்கே? பிறர் பேசுவதைக் கேளாமல் தாம் பேசியதில்தான். செய்தித்தாள் விளம்பரம் ஒருவழிச் சாலை. குறும்பதிவோ சந்தை போன்றது; அருகில் அழுபவர் உண்டு, இழவு வீட்டார் உண்டு. அவர்தம் முகம் நோக்காமல் கூவுபவனிடம் சரக்கு வாங்க எவர் மனம் ஒப்பும்?

தமிழில் எழுதுவோர்க்கு

இனி, தமிழாசிரியர் கருத வேண்டியது ஒன்று. கணினி, தமிழ் எழுத்தை நாம் எண்ணுவதுபோல் எண்ணுவதில்லை. உயிர்மெய்யின் துணைக்குறியையும் மெய்யின் புள்ளியையும் தனித்தனியே கணக்கிடுகின்றது. 'தமிழ்' என்பது நமக்கு மூன்றெழுத்து. எக்ஸ் தளத்துக்கு ஐந்து. இடம் போதவில்லை என்று வேற்றுமை உருபை வெட்டுவோரும், தமிழை ரோமன் எழுத்தில் எழுதுவோரும் இதனைச் சாக்காகக் காட்டலாம். அச்சாக்கு நில்லாது. 'கடையில்' என்னும் சொல்லுக்குக் கணினிக் கணக்கில் ஏழு இடம். அதனையே ஆங்கிலத்தில் 'இன் தி ஷாப்' என எழுத, இடைவெளியோடு பதினொன்று வேண்டும். எல்லாச் சொற்களும் இவ்வாறு அமையா என்பது உண்மையே. எனினும் தனிச்சொல் வேண்டாது உருபே பொருள் உணர்த்தும் மொழியில், அவ்வுருபைக் களைவது வீட்டின் தூணை அறுத்து இடம் பெருக்குவது போன்றதாகும்.

ஆசிரியப் பெருமக்கள் இதனைக் கட்டுரைப் பயிற்சியாக்கலாம். ஒரு பலகாரக் கடைக்கு 280 இடத்துக்குள் அறிவிப்பு எழுதுக எனப் பணித்து, மூன்று வினாக்களால் திருத்துக: வாங்குவோர் அறிய வேண்டியது இருக்கின்றதா? கூறியது மெய்யா? இவ்வேளையில் இது எவரையேனும் நோகச் செய்யுமா? மூன்றாம் வினாவைக் கேட்கக் கற்ற பிள்ளை, நாளை கடை வைத்தாலும் வைக்காவிட்டாலும், பேசத் தகுந்த இடம் அறிந்தவனாவான்.

தராசுத் தட்டில் விரல் வைத்து அழுத்துவது குற்றம் என்று குழந்தைக்கும் தெரியும். சொல்லின் தட்டிலும் அவ்விரல் படலாகாது என்பதைக் கற்பிக்கும் கடமை நம்முடையது.