சாட்சிக்கு ஒரு கேமரா

பறவை பார்க்கக் கேமரா வாங்குபவர் முதலில் முடிவுசெய்ய வேண்டியது, சுவரில் மாட்டப் படம் வேண்டுமா, பார்த்ததற்குச் சாட்சி வேண்டுமா என்பதைத்தான். சாட்சி போதுமென்றால், லென்ஸைக் கழற்ற முடியாத ‘பிரிட்ஜ்’ கேமராவே கைக்கு அடக்கமான தேர்வு. 2015-இல் வந்த நிக்கான் பி900-இன் லென்ஸ் உண்மையில் 357 மி.மீ.தான், ஆனால் சென்சார் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது என்பதால், முழுச்சட்டக் கேமராவில் 2000 மி.மீ. லென்ஸ் தரும் நெருக்கம் கிடைத்துவிடுகிறது. ஏரி நடுவே நிற்கும் வெள்ளைக் கொக்கு பெரியதா, நடுத்தர இனமா என்ற வழக்கு அந்த நெருக்கத்தில் தீரும். வாய்ப்பிளவின் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் நீண்டால் பெரிய கொக்கு. கண்ணுக்குக் கீழேயே நின்றுவிட்டால் நடுத்தரக் கொக்கு. இறகின் மென்மை பதியாவிட்டாலும் அந்தக் கோடு பதிந்தால் போதும்.

சின்ன சென்சாரில் மங்கிய வெளிச்சத்துப் படம் புள்ளிபுள்ளியாகும், பறக்கும் பறவைக்கு ஃபோகஸ் பிந்தும் என்பார்கள். உண்மைதான். ஆனால் அடையாளக் குறிப்புகளில் பெரும்பாலானவை உட்கார்ந்திருக்கும் பறவையிடமே தெரிபவை. பைனாகுலர் போதாதா என்றால், பறவையைத் தேடிப்பிடிக்க அதற்கு இணையில்லை. கண்டதை அடுத்தவருக்குக் காட்டத்தான் அதனால் முடியாது. ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் அபூர்வப் பறவையைப் பதிந்தால் சரிபார்ப்பவர் ஆதாரம் கேட்பார். அங்கே சுமாரான படமும் செல்லும். ஆகவே மெகாபிக்சல் கணக்கை விடுங்கள். ஆப்டிகல் ஜூம், வெயிலிலும் பார்க்க உதவும் வியூஃபைண்டர், கை தாங்கும் எடை, இம்மூன்றையும் பார்த்து வாங்குங்கள்.